சல்லடை சார் சொன்னாரு

கல்யாணப் பேச்சு நடந்த அன்று மாமனார் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஓட்டல்ல தம்பி வேலை?" என்பது. நடுவில் நின்று பேசி முடித்தவர் "பையன் சர்வர் வேலை பாக்குறான்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். பரிமாறுகிற சர்வர் இல்லை, கணினி சர்வர் என்று அவன் பொறுமையாக விளக்கினான். பல்கலைக்கழகத்துக் கணினி மையத்தில், குளிரூட்டிய அறையில், அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்த இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. மாமனார் கடைசி வரை கேட்டுவிட்டு, "ஏசி ரூம்தானே, நல்லது," என்றார். அன்று முதல் மனைவி வீட்டில் அவனுக்குச் 'சர்வர் மாப்பிள்ளை' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அவன் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான். சுபாவத்தில் நல்ல மனிதன். வெயில் கொளுத்துகிற மாதத்திலும் கையில் ஸ்வெட்டரோடு வீட்டை விட்டுக் கிளம்புவான். தெருமுனைத் தையல்காரர் அதைப் பார்த்துத் தினமும் ஒரு கிண்டல் செய்வார், இவனும் தினமும் பதில் சொல்வான். விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே இத்தனை வருஷம் நின்றதில் மெதுவாகப் பேசவே மறந்து போயிருந்தான். வீட்டில் உப்பு கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அடுத்த வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினால் அதன் பின்பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து மனதாரப் பாராட்டிவிட்டு வருவான். அப்படிப்பட்டவனுக்கு நாற்பத்தைந்து வயதில் பொறாமை வந்தது. வந்ததும் ஒரு விசித்திரமான வழியில்தான்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் மனைவி, "எனக்கும் உங்க வேலையச் சொல்லிக் குடுங்களேன்," என்று கேட்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஓர் அச்சகத்தில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். சாப்பாட்டு மேஜையில் தன்னுடைய பழைய மடிக்கணினியைத் திறந்து வைத்து லினக்ஸ் இயங்குதளத்தின் முதல் கட்டளையை அவன்தான் சொல்லிக் கொடுத்தான். இரண்டே எழுத்து, இந்த இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று காட்டுகிற கட்டளை. அடித்துப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றாள். அந்த 'அவ்வளவுதானா'வை அவன் உறவுக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அவள் விட்டுவிடாமல் கற்றாள். அடுத்தவர்களுடைய சர்வர்களைப் பராமரித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. வாரத்தில் பாதி நாள் அலுவலகம், பாதி நாள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அங்கே அவள் கைக்கு வந்த முதல் பெரிய வேலை ஒரு ஸ்கிரிப்ட், கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்துத் தானாக ஓட விடுகிற நிரல். நிறுவனத்தின் பொறுப்பில் நூற்றுக்கணக்கான சர்வர்கள் இருந்தன. எதில் எவ்வளவு மெமரி, என்ன பிராசஸர், எத்தனை டிஸ்க், அதன் சீரியல் நம்பர் என்ன என்பது யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஒவ்வொரு சர்வராகப் போய் விசாரித்து, எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் கொண்டு வந்து சேர்க்கிற ஸ்கிரிப்டை அவள் எழுதினாள்.

எழுதி முடித்த அன்று சாயந்திரம் அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே திரையைப் பார்த்து, "ஓடுதா?" என்றான்.

"ஓடுது."

"அப்புறம் என்ன," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான்.

அவள் நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. யார் எழுதிய ஸ்கிரிப்டாக இருந்தாலும் வேறொருவர் வரி வரியாகப் படித்து, கேள்வி கேட்டு, சம்மதம் கொடுத்த பிறகுதான் சர்வர்கள் பக்கமே போக முடியும். இவளுடையதைப் படிக்கச் சொல்லி வேறு ஊர்க் கிளையில் இருந்த ஒருவருக்கு அனுப்பினார்கள். வயதும் அனுபவமும் உள்ள ஆள். எந்தத் தவறும் அவரிடமிருந்து தப்பாது என்பதால் எல்லாரும் அவரைச் 'சல்லடை' என்றுதான் சொல்வார்களாம். அவள் அவரை நேரில் பார்த்ததில்லை. ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அவர் குறிப்பு எழுதுவார், இவள் அதன் கீழேயே பதில் எழுதுவாள். அவ்வளவுதான் பழக்கம்.

முதல் இரண்டு நாள் அவன் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, அடுப்படியில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் விட்டு, தோள் குலுங்க.

"என்ன ஜோக்கு?"

"ஒண்ணுமில்ல. சல்லடை சார் ஒண்ணு எழுதியிருக்காரு. சொன்னா உங்களுக்குப் புரியாது."

அவனுக்குப் புரியாதாம். இவளுக்கு முதல் கட்டளை சொல்லிக் கொடுத்தவனுக்கு. டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே மேஜையில் வைத்தான்.

அதன் பிறகு அந்தப் பெயர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சல்லடை சார் சொன்னாரு, ஒரு சர்வர் பதில் சொல்லலேன்னா காத்துக்கிட்டே நிக்கக் கூடாதாம். சல்லடை சார் கேட்டாரு, பல டிஸ்கை ஒண்ணாச் சேர்த்துக் காட்டுற கார்டுக்குப் பின்னால டிஸ்க் எல்லாம் இருந்தா நம்ம ஸ்கிரிப்ட் கண்ணுக்கு அது தெரியுமான்னு. மகள்கூட ஒருநாள் வீட்டுப் பாடத்தில் தப்புக் கண்டுபிடித்த அப்பாவைப் பார்த்து, "சல்லடை சார் மாதிரியே சொல்றீங்கப்பா," என்றாள். அவன் அந்த நோட்டை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டான்.

சர்வர் அறையில் தனியாக நிற்கும்போது அந்த ஆளைக் கற்பனை செய்து பார்த்தான். நல்ல உயரம். மீசை இருக்கலாம். நிதானமாகப் பேசுவான், சத்தம் போடாமல். இந்த 'சத்தம் போடாமல்' என்பதுதான் அவனை மிகவும் உறுத்தியது. ஒருநாள் டிஸ்க் ஒன்றை மாற்றப் போனவன் பக்கத்து டிஸ்கைப் பிடித்து இழுக்கப் பார்த்தான். கூட இருந்த எலக்ட்ரீஷியன் "அண்ணே, அது இல்ல," என்று கையைப் பிடித்தார்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் குளிக்கப் போனாள். மடிக்கணினி மேஜையில் திறந்தபடி இருந்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். திருடனைப் போல ஒருமுறை குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

தப்பாக ஒரு வார்த்தை இருந்திருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றுமே இல்லை. 'இங்கே மெமரி ஸ்லாட் காலியா இருந்தா என்ன வரும்?' என்று அவர் கேட்டிருந்தார். 'காலின்னு வரும்னு நெனச்சேன். சோதனை மெஷின்ல ஓட்டிப் பாத்தேன், ஒண்ணுமே வரல. நல்லவேளை கேட்டீங்க' என்று இவள் எழுதியிருந்தாள். 'இது புரியறதுக்கு ரெண்டு தடவை படிக்க வேண்டியிருந்துச்சு. தப்பு என்னோடதா இருக்கலாம்' என்று ஓரிடத்தில் அவர். பக்கம் பக்கமாக இதே மாதிரி. பிறகு ஓரிடத்தில் அவன் கண் நின்றுவிட்டது. ஒரு சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிற பகுதிக்கு அவள் 'கதவைத் தட்டு' என்று பெயர் வைத்திருந்தாள், ஆங்கில எழுத்தில். பக்கத்தில் அவர் குறிப்பு: 'இந்தப் பேரைப் பாத்ததும் சிரிச்சுட்டேன். யார் சொன்னாலும் மாத்தாதீங்க.'

அன்றைக்கு அடுப்படியில் அவள் சிரித்த சிரிப்பு இதற்குத்தான். கதவைத் தட்டு. இதில் அவனுக்குப் புரியாமல் போக என்ன இருக்கிறது? கற்றுக் கொடுத்த நாளில் அவன்தான் சொல்லியிருந்தான், "பேர் என்ன வேணா வெச்சுக்கோ, ஓடுனாப் போதும்," என்று. தன்னுடைய மனைவிக்கு இப்படியெல்லாம் பெயர் வைக்கத் தெரியும் என்பது எங்கோ இருக்கிற ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை. குளியலறைக் கதவுச் சத்தம் கேட்டதும் எழுந்து பால்கனிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினான். மண் ஏற்கெனவே ஈரமாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானமே அவன் ஒரு முடிவுக்கு வந்தான். அந்த ஆள் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தான் கண்டுபிடிப்பது. சாப்பிட்டு எழுந்ததும், "எங்க, உன் ஸ்கிரிப்டைக் காட்டு," என்றான். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். முகம் மலர்ந்ததை அவன் கவனித்தான், ஆனால் நிறுத்தி யோசிக்கவில்லை. ஓரிடத்தில் விரலை வைத்தான்.

"விவரம் எடுக்கிற டூல் ஒரு சர்வர்ல இல்லேன்னா என்ன பண்ணுவ?"

"அதுக்குத்தான் இன்னும் ஒண்ணும் எழுதல."

"தானா நிறுவிக்கிட்டு, விவரத்தை எடுத்துட்டு வரட்டும். சர்வர் ரூம்ல நிக்கிறவனுக்குத்தான் இதெல்லாம் தோணும்."

"அடுத்தவங்க மெஷின்ல நாம எதையும் போடலாமா? வேணாம்னு தோணுதுங்க."

"நான் என்ன நேத்திக்கு வந்தவனா? நகரு, நானே எழுதித் தரேன்."

அவள் நகர்ந்தாள். பேசிப் பயனில்லை என்று தெரிந்தால் அவள் அப்படித்தான், விட்டுவிடுவாள். அவன் தானே உட்கார்ந்து அடித்து முடித்து, விரல்களைச் சொடுக்கிக்கொண்டான். அவள் அதைச் சேர்த்து அனுப்பினாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவனுக்கு வேலை ஓடவில்லை. 'அருமையான யோசனை' என்று அந்த ஆள் எழுதப் போவதையும், அதை மனைவி தன்னிடம் வந்து படித்துக் காட்டப் போவதையும் நினைத்துக்கொண்டே இருந்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை சாயந்திரம் மகளுக்கு நோட்டு வாங்க அவள் கடைக்குப் போனபோது மறுபடியும் திருட்டுத்தனமாக உட்கார்ந்தான்.

அவன் எழுதியவற்றின் பக்கத்தில் சல்லடை எழுதியிருந்தார்: 'இந்த வரிகள் உங்க கை மாதிரி தெரியலயே. நீங்க எழுதினதா?'

அந்த வரியை அவன் இன்னொரு முறை படித்தான். யாரென்றே தெரியாத ஒருவர், இது அவள் கை இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறார். அவள் கை எது என்று கேட்டால் இவனால் சொல்ல முடியுமா? பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவனால்?

கீழே அவள் பதில்: 'என் வீட்டுக்காரர் சேர்த்தது சார். சர்வர் ரூம்ல ரொம்ப வருஷமா இருக்கார். நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். எடுத்துடறேன்.' அதற்கும் கீழே அவர்: 'அவர் கவலை சரியான கவலை. டூல் இல்லாத மெஷினை அப்படியே விட்டுடக் கூடாது. ஆனா நாம பாக்கப் போற வேலைக்குப் போறோம், எதையும் மாத்தற வேலைக்கு இல்ல. "தெரியலை"ன்னு எழுதிட்டு அடுத்த மெஷினுக்குப் போகட்டும். அவர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. மதர்போர்டு மாத்தின மெஷின்ல சீரியல் நம்பர் என்ன வருது? நான் அந்த மாதிரி மெஷினைத் தொட்டு ரொம்ப நாளாச்சு.'

அவனுக்கு விடை தெரியும். நன்றாகத் தெரியும். போர்டு மாற்றும்போது பல பேர் பழைய நம்பரைத் திருப்பி எழுத மாட்டார்கள். அந்த இடத்தில் 'தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் மட்டும் நிற்கும், எல்லா இயந்திரத்திலும் ஒரே மாதிரி. அவள் ஸ்கிரிப்டோ சீரியல் நம்பரை வைத்துத்தான் ஒவ்வொரு சர்வரையும் அடையாளம் கண்டுகொள்கிறது. அப்படி ஓட்டினால் இருபது சர்வர் அட்டவணையில் ஒன்றாகிவிடும். பெரிய ஓட்டை. சல்லடையே அதை மோப்பம்தான் பிடித்திருக்கிறார், உள்ளே இருப்பது இவனுக்குத்தான் தெரியும்.

அவள் வந்து கேட்பாள் என்று காத்திருந்தான். அன்று கேட்கவில்லை. மறுநாள் காலையும் கேட்கவில்லை. அவன் தானாக வலியப் போய், "ஆபீஸ்ல ஏதாவது விசேஷம் உண்டா?" என்றான். "ஒண்ணுமில்ல," என்றாள். அவனுடைய வரிகளை எடுத்துவிட்டதை எப்படிச் சொல்வது என்று அவள் தயங்கிக்கொண்டிருந்தது பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அப்போது அவன் நினைத்தது வேறு: கேள்வியை மறைக்கிறாள், அந்த ஆளிடம் நான் கெட்டிக்காரன் என்று காட்ட இவளுக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் பள்ளிக்கூடத்துப் பேருந்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"போர்டு மாத்தின மெஷின்ல எல்லாம் சீரியல் நம்பர் ஒரே மாதிரிதான் வரும்," என்றான் சத்தமாக. "எழுதி அனுப்பு."

அவள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"நான் இன்னும் உங்களைக் கேக்கவே இல்லையே."

மகள் இருவரையும் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"எவ்வளவு நாளா படிக்கிறீங்க?"

"ரெண்டு தடவைதான்."

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன். அதுல மறைக்க என்ன இருக்கு?"

"மறைக்க ஒண்ணுமில்ல. அதான் எரியுது." அவன் குரல் வழக்கத்துக்கு மாறாக இறங்கியிருந்தது. "இது உன் கை இல்லன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"படிக்கிறாருல்ல. தினம் படிக்கிறவங்களுக்குத் தெரியும்." குவளையை ஓரமாக நகர்த்தினாள். "எழுதி முடிச்ச அன்னைக்கு முதல்ல யார்கிட்டக் காட்டினேன்? நீங்க என்ன கேட்டீங்க?"

அவன் தட்டில் சோற்றை ஒதுக்கினான்.

"'ஓடுதா'ன்னீங்க. 'அப்புறம் என்ன'ன்னீங்க. போன சனிக்கிழமை நீங்களா கூப்பிட்டுக் காட்டச் சொன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா. வந்து உக்காந்து என்னைய நகரச் சொன்னீங்க."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கோபத்தில் பாத்திரம் உருட்டுகிறவள் இல்லை அவள். அன்று குழாயை மட்டும் வெகுநேரம் திறந்து விட்டிருந்தாள். அவன் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தான், கை காய்ந்து போகும் வரை.

மறுநாள் காலையில் அவள் மடிக்கணினியை அவன் முன்னால் திருப்பி வைத்தாள். திரையில் சல்லடைக்கு ஓர் அழைப்பு போய்க்கொண்டிருந்தது. "எழுதிக் கேக்குறத விட நீங்களே சொல்லிடுங்க," என்றாள்.

அவன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். படம் வரவில்லை, குரல் மட்டும் வந்தது. சளி பிடித்த, கொஞ்சம் கீச்சென்ற குரல். பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம். சர்வர் அறையில் நின்று அவன் கற்பனை செய்திருந்த உயரமும் மீசையும் அந்தக் குரலோடு ஒட்டவே இல்லை.

"சார் வணக்கம். உங்க வரிகளை எடுத்துட்டோம், வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல சார்," என்று பொய் சொன்னான். பிறகு சீரியல் நம்பர் விஷயத்தை விளக்கினான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப எதை வெச்சு அடையாளம் கண்டுக்கலாம்?" என்றார். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தனியாக இருக்கிற முகவரியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று இவன் சொன்னான். கார்டையும் மாற்றியிருந்தால் என்று அவர் கேட்டார். இவன் யோசித்தான். அவர் அவசரப்படுத்தவில்லை. மிக்ஸி நின்று, மறுபடியும் ஓடியது. கடைசியில் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, இரண்டும் சந்தேகமாக இருந்தால் தனியாக ஒதுக்கி வைப்பது என்று முடிவானது. பேச்சு முடிந்தபோது தான் கத்தாமல் பேசியிருப்பதை அவனே கவனித்தான். அந்த மனிதரை அவனுக்குப் பிடித்துப் போயிருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஸ்கிரிப்டுக்குச் சம்மதம் கிடைத்தது. எல்லாச் சர்வர்களின் விவரமும் அட்டவணையில் வந்து சேர்ந்தது; ஒதுக்கி வைத்தவையே நிறையத் தேறின. அவளுக்கு அடுத்த வேலை வந்தது. அதையும் சல்லடைக்கே அனுப்பினார்கள். அடுப்படியில் சிரிப்பு தொடர்ந்தது. இந்த முறை ஏன் சிரித்தாள் என்று அவனிடம் சொன்னாள். அவனுக்கும் சில சமயம் சிரிப்பு வந்தது, சில சமயம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். பல்கலைக்கழகச் சர்வர்களைக் கவனிக்க அவன் வெகுகாலத்துக்கு முன்னால் எழுதிய ஸ்கிரிப்ட். தினமும் ஓடுகிறது, எழுதிய நாள் முதல் இன்னொருவர் கண் அதில் பட்டதில்லை.

"படிச்சுப் பாரேன்," என்றான்.

"ஓடுதா?" என்றாள் அவள், நிமிராமல்.

"ஓடுது. இருந்தாலும் படி."

அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். குறிப்புகள் வந்தபோது அவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பாதி வரிகளுக்குப் பக்கத்தில் 'இது ஏன்?' என்று இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினான். சிலவற்றுக்கு அவனுக்கே காரணம் தெரியவில்லை. ஓரிடத்தில் மட்டும், டிஸ்க் நிரம்பப் போகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கிற இடத்தில், 'இது நல்லா இருக்கு. எனக்குத் தோணியிருக்காது' என்று எழுதியிருந்தாள். அதைச் சர்வர் அறையில் நின்று, ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் படித்தான்.

வீட்டுக்கு வந்து கேட்டான், "சல்லடை எழுதறதுக்கும் நீ இப்படித்தான் குறிப்பு போடுவியா?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் கொஞ்சம் யோசித்தாள். "அவரோடத நான் படிக்கிறதில்லையே. அவரோடத யாருமே படிக்கிறதில்ல. விதி இருக்குதான், ஆனா அவர் எழுதினா நேரா சர்வர்ல ஏத்திடுவாங்க. யாருக்கு அந்தத் தைரியம்."

எல்லாரையும் வரி வரியாகப் படிக்கிற மனிதர், அவரைப் படிக்க ஆளில்லை. அவனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. மடித்து வைத்த துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கப் போனவன் வாசலில் நின்று திரும்பினான்.

"பாவம்தான். அதுக்காக நீ படிக்க ஆரம்பிச்சிடாத."

அவள் மகளுடைய பாவாடையை முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்க.